இத்திங்கள் சிந்தனை: பத்தில் ஒருவர்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுட் பெரும்பாலானவை பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்தவை. முன்னாளில் வந்தோர் ரயில்வேயிலும், தபால் தந்தி இலாகாவிலும், கணக்குத் தணிக்கை அலுவலகங்களிலும், வங்கிகளிலும் பணி ஏற்றனர். இன்று வருவோருட் பலர் கணிப்பொறித் துறையினர். பெங்களூரிலும், ஐதராபாத்திலும், புனேயிலும், குருகிராமிலும் கண்ணாடி மாளிகைகளுள் அமர்ந்து, கடல் கடந்த நாடுகளுக்காக இரவும் பகலும் உழைக்கும் இளைஞரும் நங்கையரும் நம் வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் பெறும் ஊதியம் அவர்தம் பாட்டனார் கனவிலும் கண்டறியாதது. வாயிலுக்கே வண்டி வருகிறது. குளிரூட்டிய அறையில் வேலை நடக்கிறது. எனினும், ஆண்டு மதிப்பீடு வெளிவரும் பருவத்தில் இவ்வீடுகளில் நிலவும் மௌனத்தைப் பெற்றோர் நன்கு அறிவர். 'அப்ரைசல்' என்னும் சொல், முன்னாளில் பள்ளித் தேர்வு முடிவு என்னும் சொல் விளைத்த அச்சத்தை இன்று முப்பது வயதினர்க்கும் நாற்பது வயதினர்க்கும் விளைக்கின்றது.

ஊதியமும் வசதியும் நிறைந்த இடத்தில் உழைப்போரின் ஊக்கம் எவ்வாறு வற்றுகிறது? வற்றிய ஊக்கம் மீண்டும் ஊறுமா? இவ்வினாக்களுக்கு விடை தரவல்லது, உலகறிந்த ஒரு நிறுவனத்தின் வரலாறு. அமெரிக்க நாட்டின் மைக்ரோசாப்ட் நிறுவனமே அது. 1998-ஆம் ஆண்டிலேயே ஐதராபாத்தில் தன் மென்பொருள் ஆக்க நிலையத்தை நிறுவிய அந்நிறுவனம் நம்மவர்க்குப் புதியதன்று. அதன் வரவு செலவு நம் கவலையன்று. அதனுள் உழைத்த மாந்தரின் மனநிலையே இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

செல்வத்தின் நடுவே சோர்வு

பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் இரு நண்பர்கள் 1975-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டில் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. ஊழியர்க்கும் பங்குரிமை வழங்கப்பட்டிருந்ததால், ஆயிரக்கணக்கானோர் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வர் ஆயினர். 1999 டிசம்பரில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலரைக் கடந்தது; அன்று உலகில் அதனினும் மதிப்பு மிக்க நிறுவனம் வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம், அதாவது 2000 ஜனவரியில், ஸ்டீவ் பால்மர் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பால்மரின் காலத்தில் நிறுவனம் நலிந்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,300 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய், 2013-இல் ஏறத்தாழ 7,800 கோடியாக, மூன்று மடங்குக்கு மேல், வளர்ந்தது. ஆயினும் பங்கின் விலை விழுந்து கிடந்தது. 1999-இல் எட்டிய உச்சத்தை அது மீண்டும் தொட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முன்னே வந்தவர் செல்வராயினர். பின்னே வந்தவர் அதே அறையில் அதே வேலையைச் செய்து, மாதச் சம்பளத்தோடு நின்றனர். பக்கத்து நாற்காலிக்காரர் கோடீசுவரராய் இருக்கையில், தம் உழைப்புக்கு அப்பயன் இல்லையென்று உணர்வோர் மனத்தில் ஒரு கசப்பு முளைப்பது இயல்பே.

அக்கசப்பைப் பெருக்கியவை பெருங்காரியங்கள் மட்டுமல்ல. சிறு காரியங்களும் ஆகும். 2004-ஆம் ஆண்டில், செலவைச் சுருக்க எண்ணிய நிர்வாகம், ஊழியர் உடற்பயிற்சி செய்து நீராடும் அறைகளில் வைக்கப்பட்டிருந்த துவாலைகளை நிறுத்திவிட்டது. ஆயிரம் கோடிகளைக் கையிருப்பாகக் கொண்டிருந்த நிறுவனம் துவாலையில் மிச்சம் பிடித்தது! துவாலை ஒன்றின் விலை என்ன? ஆனால், 'உங்களைப் பற்றி நாங்கள் எண்ணுவது இவ்வளவே' என்னும் செய்தியை அஃது ஊழியர்க்குத் தந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டில், ஊழியர் நலப் பிரிவின் தலைவியாயிருந்த லிசா பிரம்மெல் என்னும் அம்மையார் துவாலைகளை மீண்டும் வைக்கச் செய்தபோது ஊழியர் கொண்ட மகிழ்ச்சி, துவாலைக்காக எழுந்த மகிழ்ச்சியன்று. தம் குரல் யாரோ ஒருவர் செவியில் விழுந்தது என்பதற்காக எழுந்தது. ஒரு வீட்டில் மருமகளின் தட்டில் விழும் ஒரு கரண்டிச் சோறு குறைந்தால் வரும் வருத்தம் சோற்றைப் பற்றியது மட்டுமா என்பதைத் தாய்மார் அறிவர்.

ஆயினும் துவாலை திரும்பியது. நோய் திரும்பிப் போகவில்லை. நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது.

முன்பே எழுதிய தீர்ப்பு

அவ்வேர், ஊழியரை வரிசைப்படுத்தும் முறையாகும். நம் பிள்ளைகள் 'பெல் கர்வ்' என்று வீட்டிற் சொல்லும் மணிவளைவு இதுவே. இதன் இயக்கம் எளிது. ஒரு குழுவில் பத்துப் பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் இருவர் சிறந்தோர், எழுவர் இடைநிலையினர், ஒருவர் கடைநிலையினர் என்று மேலாளர் பிரித்தே ஆகவேண்டும். பத்துப் பேரும் திறமையாக உழைத்திருந்தாலும் ஒருவர் கடையராகத்தான் வேண்டும். பத்துப் பேரும் சோம்பியிருந்தாலும் இருவர் சிறந்தோராகத்தான் வேண்டும். ஆண்டு தொடங்கும் நாளிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பெயரை மட்டும் பின்னர் இட்டு நிரப்புகின்றனர்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத 'வேனிட்டி ஃபேர்' இதழில், குர்ட் ஐக்கன்வால்ட் என்னும் பத்திரிகையாளர் இந்நிறுவனத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அங்கே பணியாற்றியோரையும் பணியாற்றி விலகியோரையும் அவர் கண்டு பேசினார். தாம் கண்ட ஊழியர் அனைவருமே, நிறுவனத்தை உள்ளிருந்து அழித்தவற்றுள் முதன்மையானது இவ்வரிசை முறையே என்று கூறியதாக அவர் குறிக்கின்றார். அவர் விவரித்த விளைவுகளை எண்ணிப் பார்த்தால், அவை தீயோர் செய்த சூழ்ச்சிகள் அல்ல என்பதும், நல்லோரையும் சிறுமைப்படுத்தும் ஏற்பாட்டின் விளைவுகள் என்பதும் புலனாகும்.

முதலாவது, திறமையுடையோர் திறமையுடையோரோடு சேர அஞ்சினர். பத்துப் பேரும் வல்லவராய் உள்ள குழுவிற் சேர்ந்தால், அவ்வல்லவருள் கடையராகும் இடர் உண்டு. தம்மினும் தாழ்ந்தோர் நடுவே இருந்தால் முதலிடம் உறுதி. எனவே, மிகக் கடினமான பணிக்கு மிகச் சிறந்தவர் ஒன்றுகூட வேண்டிய நேரத்தில் அவர்கள் சிதறி நின்றனர்.

இரண்டாவது, அறிந்ததை அடுத்தவர்க்குச் சொல்லும் பழக்கம் குன்றியது. உடன் உழைப்பவன் வென்றால் நான் தோற்பேன் என்னும் நிலையில், அவன் செய்யும் பிழையைச் சுட்டிக்காட்டுவானேன்? வெளியே போட்டி நிறுவனங்களோடு பொருத வேண்டியவர்கள் உள்ளே ஒருவரோடு ஒருவர் பொருதனர்.

மூன்றாவது, மதிப்பீடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தமையால், ஆறு மாதத்துள் கண்ணுக்குத் தெரியும் வேலையே வேலை என்றாயிற்று. மூன்றாண்டு பொறுத்துப் பயன் தரும் ஆய்வில் இறங்குவோன், இடையில் வரும் ஆறு மதிப்பீடுகளில் என்ன காட்டுவான்?

நான்காவது, மேலாளர் பலர் ஓரறையில் கூடி, இவர் உயர்ந்தோர், இவர் தாழ்ந்தோர் என்று பேரம் பேசியே பட்டியலை முடித்தனர். ஆதலால், ஒருவர்க்குத் தம் மேலாளரின் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை. பிற மேலாளரின் தயவும் வேண்டியதாயிற்று. வேலை செய்ய வேண்டிய நேரம் முகம் காட்டுவதிற் சென்றது.

இந்நான்கிலும் சம்பளம் குறைந்ததென்னும் முறையீடு இல்லை என்பதை அன்பர்கள் கருதுக. உழைப்போரின் உள்ளத்தை உண்டது ஏழ்மையன்று, ஐயம். உடன் உண்டு உடன் உழைப்பவரை எதிரியாக நோக்க நேர்ந்த நிலை அது.

மணிகள் கூறும் உண்மை

இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தவர், 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குத் தலைவராயிருந்த ஜாக் வெல்ச். நூற்றுக்கு இருபது பேர் தலைநிலை, எழுபது பேர் இடைநிலை, பத்துப் பேர் கடைநிலை. கடைநிலையினர் வெளியேற வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அவர் நிறுவனம் அக்காலத்தில் ஓங்கி வளர்ந்ததால், பிறரும் அந்நெறியை ஆராயாது மேற்கொண்டனர். நம் நாட்டுக் கணிப்பொறி நிறுவனங்களும் அதற்கு விலக்கல்ல.

ஆனால், இதற்கு மாறான அறிவுரையைத் தந்த பேரறிஞர் ஒருவரும் அதே அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் எட்வர்ட்ஸ் டெமிங். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய ஜப்பானின் தொழில் தலைவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு முதல் தரக் கட்டுப்பாட்டு முறைகளைக் கற்பித்தவர். இன்றும் அந்நாட்டில் அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. அச்சத்தை அகற்றுக என்பது அவர் நிர்வாகிகளுக்கு வகுத்த 14 நெறிகளுள் ஒன்று. ஆண்டுதோறும் ஊழியர்க்கு மதிப்பிட்டு ஏற்றத்தாழ்வு கற்பித்தலை நிறுவனங்களின் கொடு நோய்களுள் ஒன்றாகவே அவர் எண்ணினார்.

தம் கருத்தை விளக்க அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. பார்வையாளருள் சிலரை அழைத்துத் தொழிலாளர் ஆக்குவார். ஐம்பது குழிகள் உள்ள ஒரு துடுப்பைப் பெட்டியினுள் இட்டு, ஒவ்வொருவரும் ஐம்பது மணிகளை எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல பொருள். சிவப்பு மணி பழுதுற்ற பொருள். ஒருவர்க்கு ஆறு சிவப்பு வரும். மற்றொருவர்க்குப் பதினான்கு வரும். டெமிங், மேலாளரைப் போல் நடித்து, ஆறு எடுத்தவரைப் பாராட்டுவார். பதினான்கு எடுத்தவரைக் கடிந்துகொள்வார். அடுத்த சுற்றில் பாராட்டுப் பெற்றவர்க்கே சிவப்பு மிகுந்து வரும். இறுதியில் கடையர் எனப்பட்டோரை நீக்கிவிட்டு, எஞ்சிய 'சிறந்தோரைக்' கொண்டு வேலை நடத்துவார். விளைவு சிறிதும் திருந்தாது. எங்ஙனம் திருந்தும்? பெட்டியிலுள்ள மணிகளில் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கையில், கையை மாற்றிப் பயன் என்ன? பெட்டியை நிரப்பியவர் நிர்வாகத்தார் அன்றோ?

எல்லா வேலையும் மணி எடுக்கும் வேலையன்று என்பது உண்மையே. திறமையில் வேறுபாடு உண்டு, உழைப்பில் வேறுபாடு உண்டு, சோம்புவோரும் உண்டு. அவர்களைக் கண்டு திருத்தலும், திருந்தாவிடின் நீக்கலும் நிர்வாகத்தின் கடமையே. ஆனால், தனித்தனியே ஆராய்ந்து சோம்பேறியைக் கண்டறிதல் வேறு. பத்தில் ஒருவர் சோம்பேறியாக இருந்தே தீரவேண்டும் என்று முன்கூட்டி விதித்தல் வேறு. முன்னது நீதி, பின்னது சீட்டுக் குலுக்கல்.

இழந்தவை

இம்மனநிலையில் நிறுவனம் இழந்தவை சிறியன அல்ல. 1998-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் ஒரு குழுவினர் நூல்களைத் திரையிற் படிக்கும் கருவியொன்றை உருவாக்கித் தலைமையிடம் காட்டினர் என்றும், விண்டோசைப் போல் தோன்றவில்லை என்னும் காரணத்தால் அஃது ஏற்கப்படவில்லை என்றும் ஐக்கன்வால்ட் எழுதுகிறார். 2007-இல் அமேசான் நிறுவனம் அத்தகைய கருவியைக் 'கிண்டில்' என்னும் பெயரால் விற்றது. 2001-இல் தொடங்கிய புதிய விண்டோஸ் பணி, 2004-இல் பாதியில் நிறுத்தப்பட்டு மீண்டும் அடியிலிருந்து தொடங்கப்பட்டு, 2007 ஜனவரியிலேதான் 'விஸ்டா' என்னும் பெயரோடு மக்கள் கைக்கு வந்தது. வந்தும் வரவேற்புப் பெறவில்லை. அதே 2007-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை வெளியிட்டது. ஐந்தாண்டுக்குள் அவ்வொரு கருவி ஈட்டிய வருவாய், மைக்ரோசாப்ட் விற்ற பொருள்கள் அனைத்தும் ஈட்டிய வருவாயை விஞ்சிவிட்டது.

இத்தோல்விகள் எல்லாவற்றையும் வரிசை முறையின் தலையில் ஏற்றுதல் நேர்மையாகாது. தலைமையின் கணிப்புப் பிழைகளும் சந்தையின் மாற்றமும் அவற்றுக்குக் காரணங்களே. ஆயினும், தவற்றைக் கண்ட ஊழியன் வாய்திறந்து கூற அஞ்சும் இடத்தில், தலைமையின் பிழையைத் திருத்துவார் யார்? மதில் இடிவதைக் காவற்காரன் கண்டும், சொன்னால் தன் மேற் பழி வருமென்று வாளாவிருந்தால், அரசன் அறிவாளியாயிருந்தும் பயனில்லை.

2011-ஆம் ஆண்டில் மனு கார்னெட் என்பவர் ஒரு கேலிச் சித்திரம் வரைந்தார். பெரிய கணிப்பொறி நிறுவனங்களின் நிர்வாக அமைப்புகளை அதில் வரைந்த அவர், மைக்ரோசாப்டின் பிரிவுகள் ஒன்றையொன்று துப்பாக்கியாற் குறி வைத்திருப்பதாகக் காட்டினார். பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவரான சத்யா நாதெல்லா, 2017-இல் வெளிவந்த தம் நூலில் இச்சித்திரத்தைக் குறிப்பிடுகிறார். சித்திரம் தம்மை வருத்தியதாகவும், தம் ஊழியரே அதனை மறுக்காது ஏற்றுக்கொண்டது அதனினும் வருத்தியதாகவும் அவர் எழுதுகிறார். இகழ்ச்சியைக் கேட்டுச் சினம் கொள்ளும் மனத்தில் இன்னும் பற்று இருக்கிறது. 'ஆம், நாம் அப்படித்தான்' என்று சிரித்துவிட்டுப் போகும் மனத்தில் பற்று வற்றிவிட்டது. ஊக்கக் குறைவின் அடையாளம் முணுமுணுப்பு என்று பலர் எண்ணுவர். முணுமுணுப்பும் அடங்கிவிடுவதே அதன் முற்றிய அடையாளம்.

திருத்தமும் அதன் எல்லையும்

2013 நவம்பர் 12 அன்று லிசா பிரம்மெல் ஊழியர் அனைவர்க்கும் ஒரு கடிதம் விடுத்தார். இனி வளைவு இல்லை. வரிசை எண்ணும் இல்லை. உடன் உழைப்போர்க்கு ஒருவர் எவ்வாறு உதவினார், பிறர் கருத்தை எவ்வாறு பயன்கொண்டார் என்பனவும் கருதப்படும் என்பது அதன் சாரம். மூன்று மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 4 அன்று, ஐதராபாத்தில் பிறந்து மணிபாலில் பொறியியல் பயின்ற சத்யா நாதெல்லா தலைமை ஏற்றார்.

அறிஞர் கரோல் டுவெக் எழுதிய ஒரு நூலினின்று அவர் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார். எல்லாம் அறிந்தவன் என்று காட்ட முயல்வோனைக் காட்டிலும், எல்லாம் கற்க விழைவோனே மேலானவன் என்பதே அவர் ஊழியர்க்கு ஓயாது கூறிய செய்தி. அவ்வாண்டு அக்டோபரில், பெண்கள் சம்பள உயர்வைக் கேட்காமல் அமைப்பின் மேல் நம்பிக்கை வைக்கலாம் என்று ஓர் அவையில் அவரே பிழைபடப் பேசினார். எதிர்ப்பு எழுந்த அன்றே, தாம் கூறியது முற்றிலும் தவறு என்று ஊழியர்க்கு எழுதினார். தலைவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டால், தொண்டர்க்கும் தம் தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு வரும். நிறுவனத்தின் மதிப்பு 2019-இல் ஒரு லட்சம் கோடி டாலரையும், 2024 ஜனவரியில் மூன்று லட்சம் கோடி டாலரையும் கடந்தது. மேகக் கணிமை முதலிய தொழில்களில் அவர் செலுத்திய கவனமே இதற்குப் பெருங்காரணம் எனினும், ஒருவரையொருவர் குறி வைத்திருந்த கைகள் தாழ்ந்தமையும் ஒரு காரணமென்று கொள்வதில் பிழையில்லை.

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால், உலகம் கதைப் புத்தகமன்று. 2014 ஜூலையில், நோக்கியாவினிடமிருந்து வாங்கிய கைபேசிப் பிரிவையும் சேர்த்து 18,000 பேரை நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அவ்விற்பனையில் சேராது, வரி வழக்கினால் தனித்து விடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது; தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த இளம்பெண்களின் நிலையை நம்முட் பலர் மறந்திரார். 2023 ஜனவரியில் 10,000 பேர்; அவ்வாண்டே மாதச் சம்பளக்காரர்க்கு ஊதிய உயர்வு இல்லை என்னும் அறிவிப்பு; 2025 மே மாதத்தில் ஏறத்தாழ 6,000 பேர்; ஜூலையில் ஏறத்தாழ 9,000 பேர். அந்த ஜூனில் முடிந்த கணக்காண்டிலோ நிறுவனத்தின் நிகர இலாபம் 10,000 கோடி டாலருக்கு மேல்! ஆட்குறைப்புத் தம் மனத்தில் பெருஞ்சுமையாக இருப்பதாகவும், வளர்ச்சியும் நீக்கமும் ஒருசேர நிகழ்வது முரணாகத் தோன்றுவதை உணர்வதாகவும் நாதெல்லா அம்மாதம் ஊழியர்க்கு எழுதினார்.

அக்கடிதத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால், வரிசை முறையில் ஊழியன், 'நான் கடையனாகாது உழைத்தால் பிழைப்பேன்' என்றாவது எண்ணியிருந்தான். இன்று நன்கு உழைத்தாலும், நிறுவனம் கொழித்தாலும், நாளை தன் நாற்காலி இருக்குமா என்று அறியான். நம் நாட்டிலும் 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் ஊழியருள் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கு மேற்பட்டோரை, நீக்கப்போவதாக அறிவித்தது. வரிசை எண் விளைத்த அச்சம் போய், காரணம் தெரியாத அச்சம் வந்து அவ்விடத்தில் அமர்ந்துள்ளது. ஊக்கம் என்பது ஒருமுறை ஊற்றி வைத்தால் தீராத எண்ணெயன்று. நாள்தோறும் ஊற்ற வேண்டிய எண்ணெய். அதன் பெயர் நம்பிக்கை.

நம் கடமை

கடல் கடந்த நிறுவனத்தின் போக்கை நம் சங்கம் திருத்திவிட முடியாது. ஆயினும், நம் கைக்கு எட்டிய காரியங்கள் மூன்று உண்டு.

பெற்றோர்க்கு ஒன்று. பிள்ளை வீடு திரும்பியதும், 'என்ன ரேட்டிங் வந்தது? பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன வந்ததாம்?' என்று கேட்பதை விட்டொழிப்போம். பத்தில் ஒருவரைக் கடையர் ஆக்கும் வளைவை அலுவலகம் வரைந்தால், அதனை வீட்டுச் சுவரிலும் நாம் வரைய வேண்டுமா? நம் பிள்ளை பெற்ற எண், அவன் உழைப்பையும் காட்டலாம். பெட்டியில் இருந்த சிவப்பு மணிகளையும் காட்டலாம். இரண்டையும் பிரித்தறிய நம்மால் இயலாது. இயலாத ஒன்றைக் கொண்டு தீர்ப்புக் கூறாதிருத்தலே அறிவுடைமை. 'இன்று என்ன வேலை செய்தாய்? அதில் எது உனக்குப் பிடித்தது?' என்று கேட்கும் வீட்டில் பிள்ளைகள் வாய் திறப்பர்.

நம் அன்பர்களுள் மேலாளராய் இருப்போர்க்கு ஒன்று. பட்டியலை முடிக்கும் அறையில் அமர்ந்திருப்போர் நீங்கள். முறையை வகுத்தவர் நீங்கள் அல்லர் என்பதை நாம் அறிவோம். ஆயினும், கடைசி இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தயங்கும் வேளையில், பேறுகால விடுப்பிலிருந்து அண்மையில் திரும்பிய பெண்ணின் பெயரையோ, எதிர்த்துப் பேச அறியாத புதியவன் பெயரையோ எழுதுதல் எளிது. அவ்வெளிமைக்கு இணங்காதீர்கள். தகுதியற்றவர் என்று உண்மையிலேயே கருதினால், ஆண்டு இறுதி வரை காத்திராமல், குறையைக் கண்ட வாரத்திலேயே தனியே அழைத்துச் சொல்லுங்கள். திருந்த நாள் கொடுங்கள். எவ்வாறு முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் மறைக்காதீர்கள். வள்ளுவர், ஆராய்ந்து ஒருவரைத் தேர்ந்துகொள்வதற்கு ஓர் அதிகாரமும், தேர்ந்தவரைக் கொண்டு வினையாற்றுவதற்கு மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வகுத்தார். தேர்ந்தெடுக்கும் வரைதான் சோதனை. தேர்ந்தபின் நம்பிக்கை வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகச் சோதித்துக்கொண்டே இருப்பவன், வேலை வாங்குவோன் ஆகான்.

மூன்றாவது, சங்கத்தார் அனைவர்க்கும் உரியது. வேலை இழந்த குடும்பம் வெளியூரில் இருக்கும் குடும்பமாயின், அதன் இடர் இருமடங்கு. வீட்டுக் கடன் தவணை நிற்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்காது. ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் பணமும் நிற்கலாகாது. எல்லாவற்றினும் கொடியது, நால்வர் முன் வர நாணி வீட்டுக்குள் ஒடுங்குதல். சங்க விழாவுக்கு வழக்கமாக வரும் ஒரு குடும்பம் இரண்டு மாதமாக வரவில்லையெனில், காரணம் வேறொன்றாக இல்லாதிருக்கலாம். அவர்களை நாமே சென்று காண்போம். துறையில் மூத்த அன்பர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சங்க அறையில் அமர்ந்து, வேலை தேடுவோர்க்கு வழி கூறலாம். தெரிந்த இடங்களுக்கு அறிமுகம் எழுதித் தரலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போதும். முன்னாளில் வேலை தேடி இந்நகரங்களுக்கு வந்திறங்கிய இளைஞர்க்கு முன்பின் அறியாத தமிழ்க் குடும்பங்கள் இலையிட்டுச் சோறும், படுக்கத் திண்ணையும் தந்தன. பல நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் முளைத்தது அத்தகைய திண்ணைகளிலிருந்துதான்.

ஒருவன் மதிப்பை ஓர் எண்ணில் அடக்கிவிடலாம் என்று எண்ணிய ஒரு பெரிய நிறுவனம், பல்லாண்டு கழித்து அவ்வெண்ணைத் தானே கைவிட்டது. அதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. நம் வீடுகளில் அதனைக் கைவிட ஒரு மாலைப்பொழுது போதும்.